ஒட்டி வைத்த இரண்டு பக்கங்கள்

நம் காலத்துப் பெண்களுக்கு இடுப்பை அடுத்துக் கீழே இருந்த உறுப்பு முழங்கால். நடுவில் ஒன்றும் கிடையாது. படைக்கும்போது ஆண்டவன் மறந்து விட்டிருக்கலாம்; இல்லையென்றால் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் கத்தரித்து எடுத்திருக்கலாம். நான் இரண்டாவதைத்தான் நம்புகிறேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களில் எத்தனை பேர் இன்றைக்கும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து "வயித்துல ஒரு மாதிரியா இருக்கு" என்று தொடங்கி, அவர் துருவித் துருவிக் கேட்ட பிறகு அசல் இடத்துக்கு வந்து சேருகிறீர்கள்? போன வாரம் நானும் அப்படித்தான் செய்தேன். நீர் பிரியும்போது எரிகிறது என்பதைச் சொல்ல, தலைவலியில் ஆரம்பித்து, முதுகு வழியாக இறங்கி, ஊரெல்லாம் சுற்றி வந்தேன். அந்தப் பெண் டாக்டருக்கு என் பேத்தி வயதிருக்கும். "பாட்டி, நேராவே சொல்லுங்க" என்றாள். நேராகச் சொன்னதற்காக அறை வாங்கியவள் நான் என்பது அவளுக்குத் தெரியாது.

உங்களுக்கும் தெரியாது. கோபம் ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆறவில்லை என்பதால் அவசரம் ஒன்றுமில்லை; இருந்தாலும் என் வயதை நம்ப முடியாது.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஒன்பதாம் வகுப்பு. வீடு செக்காலையில். அப்பாவுக்குக் கண்டரமாணிக்கத்தில் நிலம், இங்கே உரக்கடை. வீட்டின் பின்கட்டை ஒட்டியே உர கோடவுன். அந்த வருஷம் எங்கள் கைக்கு வந்த விஞ்ஞானப் புத்தகத்தில் பாதி மனித உடல். பழுப்புத் தாள், பக்கத்தைப் புரட்டினால் மண்ணெண்ணெய் நெடி. ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்கள் மட்டும் தடித்த எழுத்தில் திமிராக நிற்கும். கணையம், மண்ணீரல், உதரவிதானம், பெருந்தமனி. வீட்டில் யாரும் வாயில் வைத்துப் பேசாத சொற்கள். வாய்விட்டுப் படித்தால் ஏதோ கோயில் கல்வெட்டைப் படிப்பதுபோல் இருக்கும்.

எங்கள் சயின்ஸ் டீச்சருக்கே அவை புதுசு. அவர் இங்கிலீஷில் படித்தவர். "நான் பாங்கிரியாஸ்னு படிச்சு மார்க் வாங்குனவடி. இப்ப கணையம்கிறாக. எனக்கே நேத்துத்தான் தெரியும். ஒங்களுக்கு இன்னைக்குத் தெரியப்போகுது. ஒரு நாள்தான் வித்தியாசம், ஆட்டம் போடாதீக" என்பார்.

அந்தச் சொற்களை எங்கள் மண்டையில் ஏற்ற அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வகுப்பில் ஆளுக்கொரு உறுப்பைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டார். வருஷம் முழுக்க அதுதான் எங்கள் பெயர். அட்டெண்டன்ஸே அப்படித்தான்.

"கல்லீரல்?"

"உள்ளேன் டீச்சர்."

"மண்ணீரல்?"

"மண்ணீரலுக்குக் காய்ச்சல் டீச்சர், வரல."

கூப்பிட்டதும் எழுந்து பெயரைச் சொல்ல வேண்டும், அது இருக்கும் இடத்தில் கையை வைத்துக் காட்ட வேண்டும், என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். இதயத்தை பேங்க் ஏஜெண்ட் மகள் தட்டிக்கொண்டு போனாள்; சிவப்பாக இருப்பவளுக்குத்தான் இதயம் என்று டீச்சர் முடிவு செய்திருந்தார். கொஞ்சம் பூசினாற்போல் இருந்த ஒருத்திக்கு இரைப்பை. டீச்சருக்கு இரக்கம் கிடையாது. எனக்கு வந்தது குடல்வால்.

"குடல்வாலுக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல டீச்சர்."

தினமும் இதே கேள்வி, இதே பதில், தினமும் வகுப்பு சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். என்னைப் பற்றிப் பள்ளிக்கூடம் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்று பின்னாளில் என் கணவர் சொல்வார்.

ஆனால் அந்த டீச்சரிடம் ஒரு நல்ல பிடிவாதம் இருந்தது. யாராவது கையைப் பொத்தாம்பொதுவாக வயிற்றில் வைத்துக் காட்டினால் விடமாட்டார். "வயிறுன்னு ஒரு உறுப்பே கெடையாதுடி. வயிறுங்கிறது தெரு. தெருவக் காட்டாத, எந்த வீடுன்னு காட்டு" என்பார். அந்த வருஷம் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பரீட்சையோடு போய்விட்டது.

உறுப்புகளைத் தலையிலிருந்து பங்கு வைத்துக்கொண்டே வந்த டீச்சர், சிறுநீரகத்தோடு நிறுத்திவிட்டார். இன்னும் ஏழெட்டுப் பெண்களுக்கு உறுப்பே கிடைக்கவில்லை. "எங்களுக்கு டீச்சர்?" என்று கேட்டவர்களுக்கு விரல்களையும் கணுக்காலையும் கொடுத்துச் சமாளித்தார். ஏன் என்று மறுநாள் கைவேலைப் பீரியடில் தெரிந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ளே வந்தார். பின்னால் ஆயா, கையில் மைதாப் பசைச் சட்டி. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய, நீலம் பாரித்த பசை.

"எல்லாரும் சயின்ஸ் புஸ்தகத்தை எடுங்க. நான் சொல்ற ரெண்டு பக்கத்தையும் சேர்த்து ஒட்டுங்க. யாரும் படிக்கப்படாது. படிக்காம ஒட்டுங்க."

கூடவே வந்த சயின்ஸ் டீச்சர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வாரம்தான் எங்களைச் செம்பருத்தியைப் பிளேடால் நீளவாக்கில் வெட்டச் சொல்லி, சூற்பை எங்கே, சூல் எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருந்தார். வகுப்பு மொத்தமும் சூற்பை சூற்பை என்று கத்தியது. வராந்தாவில் போன ஹெட்மிஸ்ட்ரஸ் தலையை ஆட்டிப் பாராட்டிவிட்டுப் போனார். பூவுக்கு இருந்தால் பாடம், பொம்பளைக்கு இருந்தால் பசை.

படிக்காமல் ஒட்டு என்று சொன்னால் எனக்கு வேறு என்ன தோன்றும்? ஓரத்தில் மட்டும் தொட்டும் தொடாமலும் பசையைத் தடவினேன். வீட்டுக்கு வந்ததும் கோடவுனுக்குள் உர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். அந்த நெடிக்குப் பயந்து அங்கே யாரும் வரமாட்டார்கள். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, பக்கத்துக்குள் விட்டு, மெள்ள நெம்பித் திறந்தேன். கண்ணில் நீர் வழிய வழிய, என்னமோ பெரிய ரகசியம் என்று பார்த்தால், ஆட்டுத்தலை. சத்தியமாக. இரண்டு பக்கமும் வளைந்த கொம்பு, நடுவில் குறுகிக் கீழே இறங்கும் முகம். கருப்பை, சூற்பை, கருக்குழாய் என்று கோடு இழுத்துப் பெயர் போட்டிருந்தது. மாதாமாதம் என்ன நடக்கிறது என்று ஒரு பத்தி. கல்லீரலைப் பற்றி எந்தக் குரலில் எழுதியிருந்தார்களோ அதே குரலில். ஏமாற்றமாக இருந்தது. இதற்கா ஒரு சட்டிப் பசை?

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்து சேர்ந்தாள்.

அப்பாவின் கடைசித் தங்கை. சிங்கம்புணரியில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி ஆறேழு வருஷம், பிள்ளை இல்லை. உடம்பு தேறி வரட்டும் என்று மாமா கொண்டுவந்து விட்டுப் போனார். அத்தை எனக்கு மேல் சேட்டைக்காரி. பஸ் கண்டக்டர், ஜோசியக்காரர், எங்கள் அப்பா, யார் குரலையும் பிடித்துப் பேசுவாள். என் உறுப்பு என்ன என்று தெரிந்த நாளிலிருந்து என்னைக் "குடல்வாலு" என்றே கூப்பிட்டாள். ஆனால் இந்தத் தடவை முகம் வெளுத்து, நகமெல்லாம் சுண்ணாம்பாகி, நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியின் பலப்பத்தைத் திருடித் தின்றாள். எங்கேயாவது கடுக் முடுக்கென்று சத்தம் கேட்டால் அத்தைதான். "மண்ணு வாசத்துக்கு நாக்கு ஏங்குதுடி" என்று சிரிப்பாள். நாங்களும் சிரித்தோம். அது சிரிக்கிற சங்கதி இல்லை என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மாதத்தில் பாதி நாள் அத்தை பின்கட்டில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் நோவு டாக்டரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்புவீர்கள், உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அத்தை அம்மாவிடம் சொன்னது: "மதினி, தூரம் நிக்கவே மாட்டேங்குது. துணி மாத்தி மாளல. கட்டி கட்டியாப் போகுது."

அம்மா அப்பாவிடம் சொன்னது: "ஒங்க தங்கச்சிக்கு அடிவயித்துல நோவாம்."

அப்பா டாக்டர் வீட்டுக் கம்பவுண்டரிடம் சொன்னது: "தங்கச்சிக்கு வயித்துவலி."

கம்பவுண்டர் டாக்டரிடம் என்ன சொன்னாரோ, ரோஸ் கலரில் மிக்ஸர் மருந்து வந்தது. பாட்டில் ஓரத்தில் வேளைக்கு எவ்வளவு என்று பல் பல்லாக வெட்டி ஒட்டிய காகிதம். அத்தை குடித்தாள். "நல்லா ஏப்பம் வருதுடி" என்றாள். டாக்டர் அத்தையைப் பார்க்கவே இல்லை. கௌரவமான வீட்டுப் பெண்ணை இந்த மாதிரி விஷயத்துக்கு ஆம்பளை டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதில்லை. அண்ணனோ புருஷனோ போய்ச் சொல்ல வேண்டும். அந்த அண்ணனுக்கும் புருஷனுக்கும் வயிறு என்பதைத் தவிர வேறு சொல் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல வாய் வராது. பாட்டில் மட்டும் போய்ப் போய் நிரம்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா காலி பாட்டிலைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அது வயித்துவலி இல்ல."

"பெறகு?"

வகுப்பில் நிற்பதுபோலவே நின்றேன். "பெயர் கருப்பை. இடம், இடுப்பெலும்புக் கூட்டுக்குள், மூத்திரப்பைக்குப் பின்னால்" என்று கையை வைத்துக் காட்டினேன். அதன் வேலை என்ன என்பதற்கு வருவதற்குள் அம்மாவின் கை என் கன்னத்துக்கு வந்துவிட்டது.

"பொட்டப்புள்ள பேசுற பேச்சாடி இது, அப்பா முன்னாடி?"

அப்பா திட்டவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டார். புத்தகத்தில் இருக்கிறது என்றேன். கொண்டுவரச் சொன்னார். பிரித்த பக்கத்தில் பசையின் நீலம் காய்ந்து நின்றது. அதைத்தான் பார்த்தார், பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அது அசிங்கம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப்போவதுபோல் புத்தகத்தை ஓரத்தில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் சயின்ஸ் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் நடத்தவே இல்ல சார். சாமி சத்தியமா அந்தப் பாடத்தை நடத்தல" என்றார். பாடம் நடத்தவில்லை என்று ஒரு வாத்தியார் சத்தியம் செய்ததையும், அதைக் கேட்டு ஒரு தகப்பன் நிம்மதியடைந்ததையும் நான் கண்ணால் பார்த்தேன். அன்றைய அட்டெண்டன்ஸில் குடல்வாலைக் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. காரைக்குடியில் மயக்கமருந்து இல்லாமல் நடந்த குடல்வால் ஆப்பரேஷன் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இத்தனை களேபரத்தில் ஒருத்தர்கூட, அந்தப் பெண் சொன்னது நிஜம்தானா என்று கேட்கவில்லை. மிக்ஸர் ரோஸிலிருந்து பச்சைக்கு மாறியது. அவ்வளவுதான்.

கேட்டது அம்மா. நாலு நாள் கழித்து, அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது, கீரையைப் பார்த்தபடியே.

"அன்னைக்கு என்னமோ சொன்னியே. அது எங்குட்டு இருக்கு?"

நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தே பதில் சொன்னேன். கன்னம் ஞாபகம் வைத்திருந்தது. அம்மா கீரையை விட்டுவிட்டு, கையைப் புடவைக் கட்டுக்கு மேல் வைத்தாள். "இங்ஙனயா?"

"இன்னும் கீழம்மா."

"இதுக்குள்ளதான் நீங்க நாலு பேரும் கெடந்தீகளா?"

"ஆமா."

"வயித்துல இல்ல?"

"வயித்துல இருந்தா எங்களச் செரிச்சிருப்பியேம்மா."

சிரிக்கவில்லை. "நாலு பெத்திருக்கேன். ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லலையே" என்றாள். மறுபடி கீரையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அதுலருந்துதான் இவளுக்கு இப்படிப் போகுதா? அது நின்னு போகாமப் போனா?"

"ரத்தம் முழுக்கப் போயிரும்."

அடுத்த வாரம் அத்தை கிணற்றடியில் குடத்தோடு விழுந்தாள். அம்மா அப்பாவிடம் போய் நின்றாள். "மதுரையில பொம்பள டாக்டர் இருக்காகளாம். கூட்டிட்டுப் போங்க. போகலேன்னா இந்த வீட்டுல அடுப்பு எரியாது." அப்பா அம்மாவை அப்படி ஒரு குரலில் கேட்டதே இல்லை. மத்தியானம் கடையிலிருந்து வந்து பார்த்தார். அடுப்பு எரியவில்லை. சாயங்காலம் மாமாவுக்கு ஆள் போனது.

வெந்நீர் வாங்க, துணி அலச என்று என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா அத்தையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே காகிதம் மாதிரி வெள்ளை. திரும்பி ஆண்களிடம் கேட்டார்: "எத்தனை நாளாக இரத்தப்போக்கு?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். அத்தை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி கண்ணை உருட்டினாள். நான்தான் சொன்னேன். மாதத்தில் பாதி நாள், கட்டி கட்டியாக, பலப்பம் தின்பது, படி ஏற முடியாதது. டாக்டரம்மா என்னிடமே அடுத்தடுத்துக் கேட்டார். அப்பா மிக்ஸர் பாட்டிலை நீட்டினார். டாக்டரம்மா மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது சாப்பாடு செரிப்பதற்கு."

பிறகு, அதே அமைதியான குரலில், "தொடக்கத்திலேயே வந்திருந்தால் கருப்பையில் வளர்ந்திருக்கும் கட்டியை மட்டும் எடுக்கப் பார்த்திருப்பேன். இப்போது இவரை உயிரோடு அனுப்பினால் போதும் என்று இருக்கிறது" என்றார்.

மாமா ரத்தம் கொடுத்தார். கொடுத்துவிட்டு மயங்கி, அத்தைக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டார். ஆப்பரேஷன் முடிந்து டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்தபோது நான் பிளாஸ்கோடு நின்றிருந்தேன். "கருப்பையை முழுவதும் எடுக்க வேண்டியதாயிற்று. உயிருக்குப் பயமில்லை. இனி குழந்தை பிறக்காது. கொஞ்சம் தேறியதும் நீங்கள் பக்குவமாக அவரிடம் சொல்லிவிடுங்கள்."

இருவரும் தலையாட்டினார்கள். டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

"எங்காத்தாவுக்குத் தெரிஞ்சா மறுநாளே எனக்கு வேற பொண்ணு பாத்துரும், மச்சான்."

"தெரிஞ்சாத்தான? கட்டிய எடுத்தாச்சுன்னு சொல்லுவோம். அது பொய்யில்லையில்ல?"

"அவ கிட்ட?"

"அவ கிட்டயும் அதான். வாய் தவறி மாமியார்ட்டச் சொல்லிட்டான்னா? அவ நல்லதுக்குத்தான்." அப்பா என் பக்கம் திரும்பினார். "இந்தா, நீ ஒண்ணும் கேக்கல."

"கேட்டுட்டேனேப்பா."

"கேக்கல."

ஆக, நான் கேட்கவில்லை. இருவரும் கெட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமா எறும்பை மிதிக்காமல் சைக்கிள் ஓட்டுகிறவர். கெட்டவர்கள்மேல் கோபப்பட்டால் ஒரு நாளில் தீர்ந்துபோகும். நல்லவர்கள்மேல் வரும் கோபம்தான் இப்படி ஆயுசு முழுக்கக் கூட வருகிறது.

அத்தை தேறினாள். கன்னத்தில் ரத்தம் ஊறியது. பலப்பம் நின்றது, தம்பிக்கு நிம்மதி. டாக்டரம்மா குரலில் "இது சாப்பாடு செரிப்பதற்கு" என்று பேசிக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்தாள். கட்டி போய்விட்டது, இனி என்ன தடை? பழைய நூல் சேலையைக் கிழித்துச் சின்னச் சின்னச் சட்டையாகத் தைக்க ஆரம்பித்தாள். கழுத்துக்கு முன்னால் முடிச்சுப் போடும் பிறந்த குழந்தைச் சட்டை. "எப்பிடி இருக்கு மதினி?" என்று விரித்துக் காட்டுவாள். அம்மாவுக்கும் அதற்குள் அப்பா சொல்லியிருந்தார். அடுப்பில் என்னமோ பொங்குவதுபோல் எழுந்து போய்விடுவாள். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தையின் உடம்பில் என்ன இல்லை என்பது அத்தைக்கு மட்டும் தெரியாது.

பிறகு சிங்கம்புணரியிலிருந்து மாமியார் சொல்லியனுப்பினாள். உடம்பு தேறிவிட்டதே, அங்கேயே அம்மன் கோயில் மரத்தில் தொட்டில் கட்டிவிட்டு வரட்டும் என்று. கடைக்குப் போய் அந்தச் சின்ன மரத்தொட்டிலை வாங்கிவந்தது யார் என்கிறீர்கள்? அப்பா. வராந்தாவில் காதால் கேட்ட அதே அப்பா. பச்சையும் சிவப்புமாகச் சாயம் பூசி, உள்ளங்கையில் அடங்குகிற தொட்டில். "நல்ல தேக்கு, பாரு" என்று அத்தை கையில் கொடுத்தார். இப்போது எழுதும்போதுகூடப் பேனா அழுந்துகிறது.

கோயிலுக்கு அத்தையோடு நான் போனேன். மாசி வெயில். வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைகளில் இலையைவிடத் தொட்டில்கள்தான் அதிகம். மஞ்சள் துணியெல்லாம் வெளிறித் தொங்கின. அத்தை எட்டிக் கிளையை வளைத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். போட்ட கையைக் கீழே இறக்கவில்லை.

"ஏண்டி குடல்வாலு, ஒண்ணு கேக்கணும்."

"என்னத்தே?"

"ஆப்பரேஷனுக்குப் பெறகு எனக்குத் தூரமே வரல. மதினிட்டக் கேட்டா, ரத்தம் ஊறுனா வரும்கிது. ஊறித்தான் கெடக்கு, என் மூஞ்சியப் பாரு. பெறகும் ஏன் வரல?"

"அப்பாட்டக் கேளுங்கத்தே."

"ஒங்கப்பா என்னத்தச் சொல்லுவாக. ஒம் புஸ்தகத்துல என்ன போட்டுருக்கு, அதச் சொல்லு."

சொன்னேன். பெயர், இடம், வேலை. இந்தத் தடவை வேலையையும் முழுதாகச் சொன்னேன். அது இப்போது அங்கே இல்லை என்பதையும் சொன்னேன்.

அத்தை கிளையை விடாமலே கேட்டாள். "முழுசாவா எடுத்துட்டாக?"

"முழுசா."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"ஒங்க மாமாவுக்கு?"

"அன்னைக்கே."

"மதினிக்கும் தெரியுமா?"

நான் மரத்தடிக் கல்லைப் பார்த்தேன். "ஓ" என்றாள். பிறகு அந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். இறுக்கிப் போட்ட முடிச்சு, நகத்துக்கு அசையவில்லை. நான் கல்லின்மேல் ஏறிப் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தேன். பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் பதறிப்போய், "கட்டுனத அவுக்கலாமாத்தா?" என்றாள்.

"மரம் மாத்திக் கட்டிட்டேன்க்கா" என்றாள் அத்தை.

கோயில் குழாயில் முகம் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

வீட்டில் அப்பாவும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா அத்தையைக் கூட்டிப்போக வந்திருந்தார். அத்தை தொட்டிலை இரண்டு இலைகளுக்கும் நடுவில் வைத்தாள்.

"எனக்குக் கருப்பைய எடுத்தாச்சாமே."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. பிறகு தலை என் பக்கம் திரும்பியது. எழுந்தார்.

"அவ மேல கை வச்சீகன்னா, அண்ணே, வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்கச் சொல்லுவேன். எனக்கு இப்பச் சொல்லத் தெரியும்."

"ஒன் நல்லதுக்குத்தாம்மா…"

"நல்லதுதான். என் ஒடம்புல இருந்தது போனது ஒங்களுக்குத் தெரியலாம், இவுகளுக்குத் தெரியலாம், பதிமூணு வயசுப் புள்ளைக்குத் தெரியலாம். எனக்குத் தெரிஞ்சா மட்டும் கெட்டுப் போயிரும். தொட்டில் வேற வாங்கிக் குடுத்தீக. தேக்குன்னு சொல்லிக் குடுத்தீக."

மாமாவின் இலையில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது. அதை வழிமறிக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. அப்பா யாரையும் பார்க்காமல், "இதுக்குத்தான் பொட்டப்புள்ளைகளுக்கு இந்தப் படிப்பே ஆகாதுங்கிறது" என்றார்.

கவனியுங்கள். பொய் சொன்னது அவர், மறைத்தது மாமா, பசை தடவியது பள்ளிக்கூடம். குற்றம் படிப்பின்மேல். மறுவருஷம் பள்ளியில் சொல்லி எனக்கு சயின்ஸுக்குப் பதில் தையல் போட்டுவிட்டார். நான் தைத்த ஜாக்கெட்டில் கை எங்கே விடுவது, தலை எங்கே விடுவது என்று இன்றுவரை யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே போதுமான பழிவாங்கல் என்று அவ்வப்போது தேற்றிக்கொள்வேன்.

மறுநாள் காலை அத்தை தனியாகச் சிங்கம்புணரிக்குக் கிளம்பினாள். "நீங்க ரெண்டு நாள் கழிச்சு வாங்க. ஒங்கம்மாட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க போனா மறுபடியும் கட்டின்னு சொல்லுவீக" என்று மாமாவிடம் சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். வழி முழுக்க என்னை மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள். சூற்பை இருக்கிறதா, இருக்கிறது, அப்படியானால் என்ன இருக்கிறது, என்ன இல்லை, ஏன் எடுத்தார்கள். மாமியார் எந்தக் கேள்வி கேட்டாலும் தடுமாறக்கூடாதாம். டீக்கடை வாசலில் நின்று, கையை வைத்துக் காட்டி, உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"சரியா இருக்காடி?"

"சரியா இருக்குத்தே."

மாமாவுக்கு வேறு பெண் பார்க்கவில்லை. அதற்கு மாமாவின் வீரம் காரணமில்லை. அந்த மாமியாரைக் கண்டு நாங்கள் எல்லோரும் பயந்தோம். பெரிய உருவம், காலை அகட்டி அகட்டி, ஊரே வழிவிடட்டும் என்பதுபோல் மெதுவாக நடப்பாள். திமிர் என்று எங்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அன்று என்ன நடந்தது என்பதை அத்தை அடுத்த தடவை வந்தபோது சொன்னாள். சொல்லும்போது மாமியாரின் குரலைப் பிடித்துப் பேசவில்லை. அத்தை ஒருத்தர் குரலைப் பிடிக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை.

அத்தை எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்திருக்கிறாள். பெயர், இருந்த இடம், இனி பிள்ளை பிறக்காது என்பது. கிழவி கத்தப்போகிறாள் என்று சுவரோடு ஒட்டி நின்றிருக்கிறாள். கிழவி கத்தவில்லை. "கதவச் சாத்துத்தா" என்றிருக்கிறாள்.

சாத்தினாள்.

"நீ சொன்னியே, அது எனக்குக் கீழ எறங்கிக் கெடக்கு. ஒம் புருசனப் பெத்ததுலருந்து. உக்காந்தா வெளிய வந்துரும். கையால உள்ள தள்ளிக்கிட்டுத்தான் நடக்குறேன். அதுக்குப் பேரு இருக்குன்னே எனக்குத் தெரியாது. யார்ட்டப் போயி என்னன்னு சொல்ல?"

அத்தை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெளியே கேட்காத குரலில் கேட்டாளாம்:

"அந்த டாக்டரம்மாட்டப் போறதுக்கு எங்குட்டுத்தா பஸ் ஏறணும்?"